படுத்தால் போகிற வலி

கேரளத்தில் ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறக்கும். மழையும் அதே நாளில் குடையைத் தேடிக்கொண்டு வரும். எனக்கு மூன்றாவதாக ஒன்றும் வரும். அடிவயிற்றில், இடது பக்கம் சற்றுக் கூடுதலாக, நனைந்த போர்வையைப் பிழியாமல் கொடியில் தொங்கவிட்டதுபோல ஒரு கனம். காலையில் இருக்காது. இரண்டாம் பீரியடில் இலேசாகத் தலைகாட்டும். மத்தியானச் சோற்றுக்குப் பிறகு தொடைவரை இறங்கும். நாலு மணி பெல் அடிக்கும்போது, என் முன்னால் நிற்கிற பிள்ளைகள் அத்தனை பேரும் என் எதிரிகள்.

பாறசாலைக்குப் பக்கத்தில் ஒரு தமிழ்வழிப் பள்ளியில் நான் தமிழ் டீச்சர். எங்களுக்கு வீட்டில் தமிழ், கடையில் மலையாளம், கோபம் வந்தால் இரண்டும். எங்கள் பள்ளியில் எழுதாத சட்டம் ஒன்று உண்டு. வகுப்பில் டீச்சர் உட்காரக்கூடாது. நாற்காலி போட்டிருப்பார்கள், அது சும்மா அழகுக்கு. ஹெச்.எம். வராந்தாவில் நடந்து போகும்போது எவளாவது உட்கார்ந்திருந்தால், தூங்குகிறவளைப் பார்ப்பதுபோலப் பார்ப்பார். அதனால் நான் ஒரு காலைத் தூக்கி நாற்காலியின் குறுக்குக் கம்பியில் வைத்து, இடுப்பை மேஜை விளிம்பில் முட்டுக்கொடுத்து நிற்பேன். அப்படி நின்றால் கொஞ்சம் தாங்கும். பிள்ளைகள் எனக்குக் கொக்கு என்று பெயர் வைத்தார்கள். கரும்பலகைப் பக்கம் திரும்பி எழுதும்போது பின்னால் ஒருத்தன் ஒற்றைக்காலில் நிற்பான், மற்றவர்கள் கொல்லென்று சிரிப்பார்கள். அவனைச் சொல்லிக் குற்றமில்லை. நான் நின்ற நிற்பு அப்படி.

வீட்டுக்கு வந்ததும் செருப்பைக் கழற்றியது பாதி, கழற்றாதது பாதி, நேரே போய்ப் படுத்துவிடுவேன். காலுக்கடியில் இரண்டு தலையணை. கொஞ்ச நேரத்தில் வலி வடிய ஆரம்பிக்கும். கழுத்துவரை ஏறிய தண்ணீர் இறங்கியதுபோல மூச்சு வரும். எழுந்து வந்து தேங்காய் துருவுவேன், துணி மடிப்பேன், பிள்ளைகள் இரண்டு பேரையும் படிக்கச் சொல்லிச் சத்தம் போடுவேன். என் கேடே இதுதான். காய்ச்சல் என்றால் தொட்டுப் பார்க்கலாம். புண் என்றால் கண்ணால் பார்க்கலாம். படுத்தால் போகிற வலிக்கு எங்கள் ஊரில் ஒரே பெயர்தான். மடி. சோம்பேறித்தனத்துக்கு மலையாளத்திலும் அதுதான், எங்கள் தமிழிலும் அதுதான். ஒருத்திக்கு மடி என்று பெயர் விழுந்தால் இரண்டு மொழியிலும் விழுந்துவிடும்.

"பள்ளிக்கூடம் தொறந்தா வலி வரும், அடச்சா போவும். இது எந்த ஊரு சீக்காக்கும்?" என்பார் மாமியார். கேலியாகத்தான் சொல்வார். ஆனால் பதில் சொல்ல முடியாத கேலி. ஏனென்றால் அது உண்மை. ஏப்ரல், மே இரண்டு மாத விடுமுறையில் வலி முக்கால்வாசி ஓடிப்போகும். நானே என்னைச் சந்தேகப்பட்டிருக்கிறேன். வேலைக்குப் போகப் பிடிக்கவில்லையோ, மனசுதான் வயிற்றை வலிக்க வைக்கிறதோ என்று முகத்தைக் கழுவிக்கொண்டே யோசித்திருக்கிறேன்.

ஆசுபத்திரிக்குப் போகாமல் இல்லை. எங்கள் பக்கத்து டீச்சர்மாருக்கு ஒரு வழக்கம் உண்டு. பல் பிடுங்குவது, கண் காட்டுவது, ஆபரேஷன், ஸ்கேன் எல்லாவற்றையும் விடுமுறைக்கு ஒத்திவைப்போம். ஏப்ரல் பிறந்தால் ஆசுபத்திரி வராந்தா முழுக்க டீச்சர்மார்தான், ஸ்டாஃப் மீட்டிங் மாதிரி இருக்கும். நானும் அப்படித்தான் ஒவ்வொரு வருடமும் போனேன். நன்றாக ஓய்வெடுத்து, காலையில் குளித்து, முதல் டோக்கன் வாங்கி, மேஜையில் மல்லாந்து படுத்து, "இப்பம் வேதனை உண்டோ?" என்று கேட்கிறவரிடம் "இப்பம் இல்லை" என்று சொல்லிவிட்டு வருவேன். ஒரு வருடம் மூத்திரத்தில் கிருமி என்றார்கள். ஒரு வருடம் வாயுத்தொல்லை. ஒரு வருடம் முதுகெலும்பு. ஒருவர் "டீச்சருக்கு டென்ஷனாணு" என்று சொல்லித் தூக்க மாத்திரை எழுதினார். டென்ஷன் எனக்கு அவரைப் பார்த்த பிறகுதான் வந்தது. ஸ்கேன் எடுக்கும்போதெல்லாம் ஒரே பதில்: குழப்பமொண்ணுமில்ல. கோளாறு ஒன்றும் இல்லையாம்.

சொல்லாத விஷயங்களும் இருந்தன. இரண்டாவது பிள்ளை வயிற்றில் இருந்தபோது, என் மறைவான இடத்தில், ஒரு பக்கமாக நரம்புகள் தடித்து உருண்டு நின்றன. தொடையின் உள்பக்கமும் நீலமாக ஓடியது. கை பட்டால் பயமாக இருக்கும். பெற்ற பிறகு வற்றிவிட்டது, ஆனால் முழுதாகப் போகவில்லை. யாரிடமும் சொல்லவில்லை. அந்த இடத்துக்கு வாய் கூசாமல் சொல்ல என்னிடம் ஒரு சொல் கிடையாது. தமிழ் டீச்சராம்! டாக்டர்கள் யாரும் கேட்கவும் இல்லை.

இன்னொன்று கணவரோடு சம்பந்தப்பட்டது. அவருக்கு அமரவிளையில் ரோட்டோரம் பெயின்ட் கடை. நல்ல மனிதர், அதிகம் பேசமாட்டார். அவரோடு சேர்ந்த மறுநாள் முழுதும் எனக்கு அடிவயிறு கனத்துக் கிடக்கும், வகுப்பில் நிற்க முடியாது. பயந்து பயந்து, பிள்ளைகளுக்குப் பரீட்சை என்று சாக்குச் சொல்லி அவர்கள் அறையில் படுக்க ஆரம்பித்தேன். பரீட்சை முடிந்தும் அங்கேயே படுத்தேன். அவர் ஒன்றும் கேட்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை பைக்கைத் துடைத்துக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல், "உனக்கு என்னப் பிடிக்காம ஆச்சா பிள்ளே?" என்று கேட்டார். எனக்கு அழுகை வந்தது, கூடவே கோபமும் வந்தது. "வலிக்கெண்ணு எத்தற தடவ சொல்லுகது?" என்று கத்திவிட்டு உள்ளே போனேன். அவர் பைக்கை மறுபடியும் துடைத்தார். ஏற்கெனவே துடைத்த இடத்தையே துடைத்தார்.

கடைசியில் நெய்யாற்றின்கரையில் ஒரு பெண் டாக்டர் முடிவைச் சொன்னார். கர்ப்பப்பை கொஞ்சம் வீங்கியிருக்கிறது, இரண்டு பிள்ளைகள் ஆயிற்று, "இனி எந்தினா? எடுத்துக்களயாம்" என்றார். இனி எதற்கு, எடுத்துவிடலாமாம். வீட்டில் எல்லோருக்கும் நிம்மதி. வலிக்கு ஒரு காரணம் கிடைத்தது, காரணத்தை எடுத்துப் போட வழியும் கிடைத்தது. ஆபரேஷனை வழக்கம்போல விடுமுறையின் முதல் வாரத்துக்கு வைத்தார்கள்.

எங்கள் வீட்டில் இதற்கு எதிராக யாரும் வாய் திறக்க முடியாது. அத்தாட்சி வீட்டிலேயே இருந்தது. என் மாமியாருக்கு இளவயதில் இதேபோல வயிற்றுவலி. கர்ப்பப்பையை எடுத்தார்கள். எடுத்த கையோடு எங்கள் சபையின் பெண்கள் சங்கக் கூட்டத்தில் எழுந்து நின்று, கர்த்தர் தனக்குப் பூரண சுகம் தந்தார் என்று சாட்சி சொன்னார். எங்கள் சபையில் சாட்சி என்றால் சும்மா இல்லை. எழுந்து நின்று சொல்ல வேண்டும், எல்லோரும் ஆமேன் சொல்வார்கள், அதோடு அது கல்லில் வெட்டியதாகிவிடும். மாமியாரின் சாட்சியைக் கேட்டு எத்தனையோ பெண்கள் போய் எடுத்துக்கொண்டார்கள். அதில் முதல் ஆள் எங்கள் பக்கத்து வீட்டுச் சித்தி. உறவில்லை, அழைப்பதுதான் சித்தி.

"என்னத்துக்கு யோசிக்கிய? எடுத்து எறி மக்கா. எனக்கு எடுத்த பெறவு ஒரு குழப்பமும் இல்ல" என்றார் சித்தி, மதிலுக்கு அந்தப் பக்கம் நின்று முருங்கைக்கீரை உருவிக்கொண்டு.

"நான் கல்லு போல இருக்கியேன் இல்லியா?" என்றார் மாமியார்.

எனக்குக் கர்ப்பப்பைமேல் பெரிய பக்தி ஒன்றும் இல்லை. மூன்றாவது பிள்ளை வேண்டுமென்றும் இல்லை. என் பயம் வேறு. எடுத்த பிறகும் வலித்தால்? இப்போதாவது பாதிப்பேர் பாதி நம்புகிறார்கள். எடுத்த பிறகும் வலிக்கிறது என்று சொன்னால், பிறகு இந்த ஜென்மத்தில் ஒருத்தரும் என்னை நம்பமாட்டார்கள். நானே நம்பமாட்டேன். இந்தப் பயத்தை வைத்துக்கொண்டு என்னால் ஓரிடத்தில் நிற்க முடியவில்லை, இருக்கவும் முடியவில்லை. அடுப்பில் பால் பொங்கும், நான் முற்றத்தில் நிற்பேன். முற்றத்தில் துணி நனையும், நான் அடுப்படியில் நிற்பேன்.

மார்ச் மாதம் பத்தாம் வகுப்புப் பரீட்சை. எனக்கு வேறொரு பள்ளியில் மேற்பார்வை ட்யூட்டி. ஆபரேஷனுக்கு முன்னால் புதிதாக ஒரு ஸ்கேன் வேண்டும் என்று ஆசுபத்திரியில் சொல்லியிருந்தார்கள். விடுமுறை தொடங்கும் வரை காத்திருக்க நேரமில்லை. "ட்யூட்டி முடிஞ்சு அப்படியே போயிட்டு வா" என்றார் கணவர். என் வாழ்க்கையில் ஒரு வேலைநாளில், அதுவும் மத்தியானத்தில், நின்று களைத்துவிட்டு ஸ்கேனுக்குப் போவது அதுதான் முதல் தடவை. அப்போது அது எனக்குத் தோன்றவில்லை.

பரீட்சை ஹாலில் பிள்ளைகள் எழுதுகிறார்கள், நான் நிற்கிறேன். கூடுதல் தாள் கேட்கிறவளுக்குக் கொடுக்கிறேன், நிற்கிறேன். ஜன்னல் கம்பியில் சாய்ந்தால் ஒரு மாதிரி, மேஜையில் முட்டினால் ஒரு மாதிரி. முடிந்தபோது கால் இரண்டும் என்னுடையதாக இல்லை. அதோடு ஸ்கேனுக்கு மூத்திரப்பை நிறைந்திருக்க வேண்டும் என்று ஒரு பாட்டில் தண்ணீரைக் குடித்துவிட்டு பஸ் ஏறினேன். நல்ல கூத்து! உட்கார இடமில்லை. அமரவிளையில் ஒரு லாரி குறுக்கே நின்று எல்லாம் அப்படியே நின்றுவிட்டது. ஜன்னல் வழியாகக் கணவரின் கடை தெரிந்தது. அவர் யாருக்கோ பெயின்ட் டப்பாவைக் குலுக்கிக் காட்டிக்கொண்டிருந்தார். இறங்கி ஓடிப்போய் அந்தக் கடையின் தரையில் படுத்துவிடலாமா என்று தோன்றியது. சத்தியமாகத் தோன்றியது.

ஸ்கேன் எடுத்தவர் ஒரு இளம்பெண் டாக்டர். என் மாணவிகளில் ஒருத்தி என்று சொன்னாலும் நம்பலாம், அவ்வளவு சின்ன முகம். ஜெல் தடவி, கருவியை வயிற்றில் வைத்து அழுத்திக்கொண்டிருந்தவர் நிறுத்தினார். பிறகு மெதுவாக இடது பக்கம் கொண்டுபோனார். மறுபடியும் நிறுத்தினார். எங்கள் ஊரில் டாக்டர் பேசாமல் இருந்தால் புற்றுநோய் என்றுதான் பொருள்.

"இன்னு கொறே நேரம் நின்னோ டீச்சறே?" என்றார்.

இன்றைக்கு ரொம்ப நேரம் நின்றீர்களா என்று இத்தனை வருடத்தில் ஒரு டாக்டர் கேட்பது அதுதான் முதல் தடவை. நின்றேன் என்றேன். நின்றால் வலி கூடுமா, சாயங்காலம் கூடுமா, படுத்தால் குறையுமா, பீரியட்ஸுக்கு முன்னால் எப்படி, கணவரோடு இருந்த பிறகு எப்படி என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். நான் ஒவ்வொன்றுக்கும் ஆமா, ஆமா என்றேன். கர்ப்பமாக இருக்கும்போது கீழே நரம்பு தடித்ததா என்று கேட்டார். எழுந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். கையெல்லாம் ஜெல். எங்கள் வீட்டுக்குள் வந்து பார்த்தவர்போலக் கேட்கிறாரே!

"எழுந்நேற்று நில்க்கு. நின்னோண்டு நோக்காம்" என்றார். நிற்கவைத்துப் பார்க்கப் போகிறாராம். மேஜையைவிட்டு இறங்கி, சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றேன். மூச்சைப் பிடித்து முக்கச் சொன்னார். திரையை என் பக்கம் திருப்பினார். கறுப்பில் சிவப்பும் நீலமுமாக ஏதோ குபுகுபுவென்று நிறைந்தது. படுத்திருந்தபோது அது அவ்வளவு இல்லை.

"இது மடி இல்லியா?" என்று கேட்டேன். ஏன் அப்படிக் கேட்டேன் என்று எனக்கே தெரியாது. அவருக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் சிரிக்கவில்லை. "அல்ல டீச்சறே" என்றார்.

அவர் சொன்னதையும், பிறகு திருவனந்தபுரத்தில் இதற்கென்றே உள்ள டாக்டர் சொன்னதையும் சேர்த்து என் மொழியில் சொல்கிறேன். உடம்பில் கீழிருந்து இருதயத்துக்கு இரத்தத்தை மேலே கொண்டுபோகிற குழாய்களைச் சிரை என்று பாடப்புத்தகம் சொல்லும். நாங்கள் நரம்பு என்று சொல்லிவிடுவோம். அதற்குள்ளே சின்னச் சின்னக் கதவுகள் உண்டு. இரத்தம் மேலே போகத் திறக்கும், கீழே வராமல் அடைக்கும். பிள்ளை சுமக்கும்போது இந்தக் குழாய்கள் அகன்று கொடுக்கும். சிலருக்குப் பெற்ற பிறகும் பழையபடி சுருங்காது, கதவின் இரண்டு பாதியும் ஒன்றையொன்று தொடாது. அப்போது நின்றால் இரத்தம் மேலே போவதற்குப் பதில் கீழே வழிந்து, சினைப்பையிலும் கர்ப்பப்பையைச் சுற்றியும் தேங்கி நிற்கும். நாள் முழுக்க நின்று வேலை செய்கிறவர்களுக்குக் காலில் நரம்பு சுருண்டு கிடப்பதைப் பார்த்திருக்கிறோம் அல்லவா, அதே சங்கதி இடுப்புக்குள்ளே, கண்ணுக்குத் தெரியாமல். படுத்தால் தேங்கியது வடியும். அதனால் வலி போகும். காலையில் படுக்கவைத்து ஸ்கேன் எடுத்தால் அதிகம் தெரியாமல் போகலாம். அவ்வளவுதான் விஷயம். இத்தனை வருடமும் வலி வடிந்த நேரமாகப் பார்த்து நானே போய் ஆசுபத்திரியில் படுத்திருக்கிறேன்.

நிம்மதி வர வேண்டும் அல்லவா? வரவில்லை. கோபம்தான் வந்தது. பஸ்ஸில் திரும்பும்போது பக்கத்தில் இருந்த பெண்ணிடம் சண்டைக்குப் போனேன், அவள் பை என் காலில் இடித்தது என்று. கடைக்கு முன்னால் இறங்கி, வாடிக்கையாளர் இருக்கிறார் என்றுகூடப் பார்க்காமல், "எனக்கு மடி இல்ல கேட்டியளா, எனக்கு நரம்பாக்கும்" என்று சத்தமாகச் சொன்னேன். கணவர் டப்பாவைக் கீழே வைத்தார். வாடிக்கையாளர் பிறகு வருகிறேன் என்று போய்விட்டார்.

ஆபரேஷனை நிறுத்திவைக்க வேண்டும் என்று நான் சொன்னதும் வீட்டில் போர் மூண்டது. "நாலு பேரு சொல்லியத விட்டுட்டு, ஒரு பொடிப்பிள்ளை சொல்லியதக் கேக்கியா?" என்றார் மாமியார். "எடுத்துப் போட்டா தீரும். நான் எடுக்கல்லியா?" நான் விடவில்லை. இரண்டு நாள் அவரும் நானும் பேசவில்லை. கணவர்தான் மூன்றாம் நாள் கடையை அடைத்துவிட்டு என்னைத் திருவனந்தபுரத்துக்குக் கூட்டிப்போனார். அங்கே மருந்து செலுத்தி நரம்பை மட்டும் காட்டுகிற இன்னொரு ஸ்கேன் எடுத்தார்கள். டாக்டர் திரையில் காட்டினார். சுண்டுவிரலைவிடத் தடித்து, வளைந்து நெளிந்து கிடந்தது. கணவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடியும் போட்டுப் பார்த்தார். கர்ப்பப்பையை எடுத்தால் இது போகுமா என்று அவரே கேட்டார். "வலியின் காரணம் இதானெங்கில், அது எடுத்திட்டு காரியமில்ல" என்றார் டாக்டர். அதை எடுத்துப் பயனில்லையாம். திரும்பி வருகையில் பாலராமபுரம் தாண்டியபோது கணவர், "நீ என்ன விட்டு ஓடிப்போறியாக்கும்ணு நெனச்சேன்" என்றார். அவ்வளவுதான் சொன்னார். எனக்கு அது போதும்.

ஏப்ரலில், கர்ப்பப்பையை எடுக்கக் குறித்திருந்த அதே வாரத்தில், நரம்புக்கான சிகிச்சை நடந்தது. வயிற்றைக் கிழிக்கவில்லை. கழுத்தை மரக்கவைத்து, அங்கே உள்ள நரம்பு வழியாக ஒரு மெல்லிய குழாயை விட்டு, இடுப்புவரை இறக்கி, கெட்டுப்போன குழாய்க்குள் நுரைமருந்தையும் சின்னச் சின்னக் கம்பிச்சுருள்களையும் வைத்து அடைத்தார்கள். நான் விழித்துக்கொண்டுதான் கிடந்தேன். உள்ளே பேனா ஸ்பிரிங் மாதிரி ஒன்று சுருண்டு இறங்குவது திரையில் தெரிந்தது. அடைத்த நரம்பின் வேலையை மற்ற நரம்புகள் பார்த்துக்கொள்ளும் என்றார் டாக்டர். மறுநாள் வீடு.

முதல் வாரம் வலி முன்னைவிடக் கூடியது. அப்படிக் கூடும் என்று சொல்லித்தான் அனுப்பினார்கள். தெரிந்திருந்தும் பயந்து செத்தேன். மாமியார் ஒன்றும் சொல்லாமல் கஞ்சியும் பயறும் கொண்டுவந்து வைத்தார். அவர் ஏதாவது சொல்லித் தொலைத்திருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம்.

பிறகு ஜூன் வந்தது. மழை வந்தது. பள்ளிக்கூடம் திறந்தது. நான் வகுப்பில் நின்று பாடம் நடத்தினேனா, வலிக்குக் காத்திருந்தேனா என்று தெரியாது. இரண்டாம் பீரியட். இல்லை. மத்தியானம். இல்லை. கடைசி பீரியடில் ஏதோ ஒன்று அசைந்தது. கனம்தான், ஆனால் பழைய கனம் இல்லை, அதன் தங்கை. வீட்டுக்கு வந்து படுக்கவில்லை. வேண்டுமென்றே நின்றேன். பாத்திரம் கழுவினேன். மதில்வரை நடந்தேன், திரும்பி நடந்தேன். முழுதும் போகவில்லை, மாதத்தில் சில நாள் வரும், கூடுதல் நின்றால் வரும். ஆனால் அதற்கு இப்போது ஒரு பெயரும் காரணமும் உண்டு. ஹெச்.எம்.மிடம் போய், இனி நான் உட்கார்ந்துதான் பாடம் எடுப்பேன் என்றேன். கேட்கவில்லை, சொன்னேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, சரி டீச்சர் என்றார்.

பெண்கள் சங்கத்தின் செக்ரட்டரி அக்கா வீட்டுக்கே வந்துவிட்டார். "கர்த்தர் இவ்வளவு பெரிய காரியம் செய்திருக்காரு, சனிக்கிழமை நீ சாட்சி சொல்லணும் மக்கா." சரி என்றுவிட்டேன். சொல்லாமல் எப்படி இருக்க?

வெள்ளிக்கிழமை சாயங்காலம் அடுப்படியில் மாமியார் மரச்சீனிக் கிழங்கு வெட்டிக்கொண்டிருந்தார். நான் உள்ளே போய், கதவருகிலேயே நின்றுவிட்டேன். அவர் ஒரு காலைத் தூக்கிச் சின்ன முக்காலியில் வைத்து, இடுப்பை அடுப்புமேடையில் முட்டுக்கொடுத்து நின்றார். ஒரு கொக்கு. கல்யாணமாகி வந்த நாள்முதல் அவர் அப்படித்தான் நிற்கிறார். நான் பார்த்ததே இல்லை.

"நாளைக்கி சாட்சி சொல்லுவியா?" என்றார், கிழங்கைப் பார்த்துக்கொண்டே.

"சொல்லணும்ணு சொன்னாவ."

"சொல்லு. ஆனா முழுசும் போச்சுண்ணு மட்டும் சொல்லாதே மக்கா."

ஏன் என்று கேட்டேன். கத்தியைக் கீழே வைத்தார்.

"நான் சொன்னேன். அடுத்த மாசமே வலி திரும்பி வந்திட்டு. எல்லாவரும் ஆமேன் சொன்ன பெறவு, போய் வலிக்கெண்ணு எப்பிடிச் சொல்லுவேன்? கர்த்தர் தந்த சுகத்த நான் இல்லைண்ணு சொல்லுகதா? வச்சிட்டு இருந்தேன். வயசு ஆனப்பம் தன்னால போச்சு."

எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது. "மாமி, என்னையும் கொண்டுபோய் எடுக்க வச்சிருப்பியளே!" என்று கத்தினேன். சித்தி வீட்டுக்கே கேட்டிருக்கும். "கல்லு போல இருக்கியேன்னு சொன்னியளே!"

அவர் அழவில்லை. "உனக்காவது போவும்ணு நெனச்சேன் மக்கா. எடுத்தவளுக்கெல்லாம் போச்சு, எனக்கு மட்டும் போகல்ல. எனக்க விசுவாசம் கொறவாக்கும்ணு நெனச்சேன்" என்றார். பிறகு கிழங்கைக் கழுவப் போனார். நான் கத்தியை எடுத்து மீதியை வெட்டினேன்.

சனிக்கிழமை ஆலயத்தின் பக்கத்து ஹாலில் கூட்டம். என் முறை வந்தபோது எழுந்து நின்றேன். நடந்ததைச் சொன்னேன். நரம்பு என்றேன், ஸ்கேன் என்றேன், கணவரோடு இருந்த பிறகு வலிக்கும் என்பதையும் சொன்னேன். முன்வரிசையில் இரண்டு பேர் தலையைக் குனிந்துகொண்டார்கள். "பாதிக்கு மேல போச்சு. மீதி இருக்கு. மீதியும் இருக்குண்ணு சொல்லத்தான் எழும்பினேன்" என்று முடித்தேன்.

ஒருவரும் ஆமேன் சொல்லவில்லை. மீதி இருக்கிற சுகத்துக்கு எந்த இடத்தில் ஆமேன் சொல்வது என்று யாருக்கும் தெரியவில்லை. செக்ரட்டரி அக்கா பாட்டுப் புத்தகத்தைப் புரட்டி, தொண்டையைச் செருமினார்.

அப்போது மாமியார் எழுந்தார். முன்பெஞ்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"நானும் இஞ்ச நிண்ணு சாட்சி சொல்லியிருக்கேன். ஒங்களில பல பேரு கேட்டிருப்பிய. பூரண சுகம்ணு சொன்னேன். எனக்குப் போகல்ல. பத்துப் பதினஞ்சு வருஷம் வச்சிட்டு இருந்தேன். அதச் சொல்லாம விட்டது எனக்க தப்பாக்கும்."

சொல்லிவிட்டு உட்கார்ந்தார். நான் திரும்பிப் பார்த்தேன். பின்னால், கதவுப்பக்கத்துப் பெஞ்சில், பக்கத்து வீட்டுச் சித்தி எழுந்து நின்றுகொண்டிருந்தார். எடுத்த பிறகு ஒரு குழப்பமும் இல்லை என்று மதிலுக்கு அந்தப் பக்கம் நின்று சொன்ன அதே சித்தி.

"எனக்கும் போகல்ல அக்கா" என்றார்.

செக்ரட்டரி அக்கா பாட்டுப் புத்தகத்தை மூடி மடியில் வைத்தார்.